இரண்டு திருநெல்வேலிகள்

அம்மாவின் பிறப்புப் பத்திரத்தை வாங்கிப் பார்த்த அலுவலர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்களைக் கேட்டார்: "பொறந்த எடம் திருநெல்வேலின்னு போட்டிருக்கே. அப்புறம் எதுக்குங்க குடியுரிமை கேக்குறீங்க?"

அவர் கேட்டதில் தவறில்லை. யாழ்ப்பாணத்தில் நல்லூருக்கு அடுத்தாற்போல் ஒரு திருநெல்வேலி இருக்கிறது என்பது தமிழ்நாட்டில் பலருக்கும் தெரியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான். பேச்சில் அவ்வூரைத் 'தின்னவேலி' என்பார்கள். 1983 ஜூலை 23 இரவு இலங்கை இராணுவத்தினர் 13 பேர் கண்ணிவெடித் தாக்குதலில் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து கொழும்பில் தமிழர்மீதான வன்முறை மூண்டதும் வரலாற்றுப் புத்தகங்களில் உண்டு. அந்தத் தாக்குதல் நடந்த இடம் இந்தத் திருநெல்வேலி. இதையெல்லாம் ஒரு மேசைக்கு முன் நின்றுகொண்டு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. "அது இலங்கைத் திருநெல்வேலி சார்" என்று மட்டும் சொன்னோம். அவர் பத்திரத்தை மறுபடி ஒருமுறை முதலிலிருந்து படித்தார். பின்னால் நாற்காலியில் அமர்ந்திருந்த அம்மா சன்னமாகச் சிரித்தது எங்களுக்குக் கேட்டது.

நாங்கள் என்பது அக்காவும் தம்பியுமாகிய இருவர். ஒருவர் பிறந்தது 1979இல், மற்றவர் 1985இல். இருவரும் பிறந்து வளர்ந்தது மயிலாப்பூரில். எங்கள் தந்தை இந்தியர். அம்மா 1974இல் வாய்ப்பாட்டுப் படிப்பதற்காகத் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, எழும்பூருக்கு ரயிலில் வந்து சேர்ந்தவர். அடையாற்றங்கரையில் பிராடி கோட்டையில் இயங்கிய அரசு இசைக் கல்லூரியில் படித்தார். 1977 ஆவணியில் அப்பாவை மணந்தார். அன்றிலிருந்து மாட வீதிகளுக்கும் மந்தைவெளிக்கும் இடையில் மூன்று வாடகை வீடுகள், பிறகு சொந்தமாக ஓர் அடுக்ககக் குடியிருப்பு என்று வாழ்ந்துவருகிறார். இந்த அரை நூற்றாண்டில் அவர் ஒருநாளும் இந்தியக் குடிமகளாக இருந்ததில்லை. அது எங்களுக்குத் தெரியும். ஆனால் வீட்டின் வடக்குச் சுவரில் கொஞ்சம் ஈரம் இருப்பதைப்போலத்தான் தெரியும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அவர் காகிதங்களை எடுத்துக்கொண்டு நுங்கம்பாக்கம் போவார்; வசிப்பு அனுமதியை நீட்டித்துக்கொண்டு வருவார்; வருகிற வழியில் பாண்டி பஜாரில் எங்களுக்கு ஏதாவது வாங்கி வருவார். 2018க்குப் பின் அதுவும் இணையவழி ஆகிவிட்டது.

இப்போது ஏன் என்று கேட்டவர்கள் பலர். காரணம் மிகவும் லௌகீகமானது. 2024இல் அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியதும், தன் பெயரில் உள்ள இரண்டு அறை வீட்டை அம்மாவின் பெயருக்கு எழுதிவைக்க விரும்பினார். தியாகராய நகரில் எங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் சொன்னார்: இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், சீனா உள்ளிட்ட சில நாடுகளின் குடிமக்கள், இந்தியாவிலேயே வசித்தாலும்கூட, ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் இங்கே அசையாச் சொத்தைத் தம் பெயருக்கு வாங்கிக்கொள்ள முடியாது. குத்தகைக்கு எடுப்பதானால் ஐந்தாண்டு வரை தடையில்லை. "அப்போ இவ என் வீட்டுல குத்தகைக்கு இருக்கலாம்ங்கறீங்க" என்றார் அப்பா. வழக்கறிஞர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

*

வழக்கறிஞர் இரண்டு வழிகளைச் சொன்னார். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, பன்னிரண்டு ஆண்டுகள் வசித்த வெளிநாட்டவர் இயல்புரிமையாகக் குடியுரிமை கோரலாம். அதற்கு நன்னடத்தை வேண்டும். அத்துடன் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஏதேனும் ஒரு மொழியில் போதிய அறிவு இருப்பதாகச் சான்று வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் உள்ளது. இதைக் கேட்டதும் அப்பா அம்மாவின் பக்கம் திரும்பி, "உனக்குத் தமிழ் தெரியும்னு யார்கிட்ட எழுதி வாங்கறது?" என்றார். தேவாரத்தைப் பண்ணோடு பாடம் செய்த அம்மா, "நீங்களே எழுதித் தாங்கோவன். நாப்பத்தேழு வருசமாய்க் கேட்டுக்கொண்டிருக்கிறியள்" என்றார்.

மற்றொரு வழி, 5ஆம் பிரிவின்படி பதிவு செய்துகொள்வது. இந்தியக் குடிமகனை மணந்து, ஏழாண்டுகள் இங்கே வசித்தவர் அவ்வாறு விண்ணப்பிக்கலாம். இதற்கு மொழிச் சான்று தேவையில்லை. ஏழுக்கு ஏழு மடங்காகவே அம்மா வசித்துவிட்டார். எனவே இதையே தேர்ந்தோம். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, அச்செடுத்து, ஆவணங்களோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்; அங்கிருந்து அது மாநில அரசு வழியாக மத்திய உள்துறைக்குப் போகும். இணைக்க வேண்டியவை அதிகமில்லை: செல்லத்தக்க கடவுச்சீட்டு, வசிப்பு அனுமதி, திருமணச் சான்றிதழ், கணவர் இந்தியர் என்பதற்கான சான்று. ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தோம். பதினாறு மாதங்கள் ஆயின.

முதல் ஆச்சரியம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் இந்தியர் என்பதற்கு அவரிடம் ஒரு காகிதமும் இல்லை. 1948இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் தம் தாய்வழிப் பாட்டியின் வீட்டில் பிறந்தவர். அந்தப் பிறப்பை யாரும் போய்ப் பதிவு செய்யவில்லை. தெற்கு ரயில்வேயில் கணக்குப் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து 2008இல் ஓய்வு பெற்றார். வெளிநாடு போனதில்லை, கடவுச்சீட்டு எடுத்ததில்லை. ஆதார் இருக்கிறதே என்றால், அது குடியுரிமைச் சான்றாகாது. அம்மாவிடமோ நான்கு கடவுச்சீட்டுகள், கட்டுக்கட்டாக வசிப்பு அனுமதிகள், ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டிய ரசீது, அந்தந்த ஆண்டின் புகைப்படம் எல்லாம் இருந்தன. வீட்டில் வெளிநாட்டவருக்கு ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் காகிதம். குடிமகனுக்கு ஒரு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் ஓய்வூதிய ஆணையும்.

யோசித்துப் பார்த்தால் இது இயல்புதான். கேள்வி கேட்கப்படாதவருக்குப் பதிலைச் சேர்த்துவைக்க வேண்டிய தேவை நேர்வதில்லை. அப்பா தமது எழுபத்தாறாவது வயதில், அந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தார். மனைவி இந்தியராவதற்காக அவர் முதலில் இந்தியராக வேண்டியிருந்தது. காவல் நிலையத்திலிருந்து சரிபார்க்க வந்த இளைஞர் "எந்த நாட்டுக்குப் போறீங்க சார்?" என்று கேட்டார். "எங்கேயும் இல்லப்பா, இங்கயே இருக்கறதுக்குத்தான்" என்றார் அப்பா.

அடுத்தது திருமணச் சான்றிதழ். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்ற சட்டம் 2009இல்தான் வந்தது. 1977இல் மேளம் கொட்டித் தாலி கட்டினால் போதும். இப்போது இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிவதற்குத் திருமண அழைப்பிதழ் கேட்டார்கள். நல்லவேளையாக, மஞ்சள் தடவிய ஓர் அழைப்பிதழ் அம்மாவின் பாட்டு நோட்டுக்குள் இருந்தது. மணமகள் இன்னாரின் கனிஷ்ட புத்திரி. ஊர் 'யாழ்ப்பாணம், திருநெல்வேலி' என்று அதில் அச்சாகியிருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையெழுத்திட்டபோது, வெளியே காத்திருந்த இளம் ஜோடி ஒன்று இவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நாங்கள் விளக்கம் ஏதும் சொல்லவில்லை.

பெயர்ச் சிக்கல் தனி. இலங்கைக் கடவுச்சீட்டில் தாத்தாவின் முழுப்பெயருக்குப் பின் அம்மாவின் பெயர். இங்கே ரேஷன் அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் அப்பாவின் முதலெழுத்தோடு அம்மாவின் பெயர். இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரி முன் கையெழுத்திட வேண்டியிருந்தது. லஸ் முனையில் தட்டச்சு செய்து தந்தவர் அந்த வாசகத்தை மனப்பாடமாக வைத்திருந்தார். பெயர்களை மட்டும் கேட்டுக்கொண்டார்.

*

பிறப்புப் பத்திரத்தின் புதிய பிரதியை யாழ்ப்பாணத்திலிருந்து மாமா அனுப்பினார். "கச்சேரிக்குப் போய் எடுத்தனான், ஒரு நாளிலை தந்திட்டினம்" என்று தொலைபேசியில் சொன்னார். எங்கள் பிள்ளைகள் விழித்தார்கள். மார்கழி தவிர மற்ற நாளில் கச்சேரியா, அங்கே எதற்குப் பத்திரம் தருகிறார்கள் என்பது அவர்கள் குழப்பம். யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்றால் இன்றும் மாவட்டச் செயலகம்தான். மயிலாப்பூரின் கச்சேரி சாலைக்குப் பெயர் கொடுத்ததும் பாட்டுக் கச்சேரி இல்லை, அலுவலகக் கச்சேரிதான். அந்தப் பொருளை நாம் இங்கே மறந்துவிட்டோம், அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பத்திரத்தை நாங்கள் முதல்முறையாக முழுவதும் படித்தோம். பிறந்த திகதி, இடம், தந்தை பெயர், தாய் பெயர், இனம், பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற கேள்வி. அதற்குக் கீழே ஒரு கூண்டு எங்களை நிறுத்தியது. பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவரது பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். அடுத்த கூண்டில், தந்தை இலங்கையில் பிறக்காமல் பூட்டன் பிறந்திருந்தால் அவருடைய விவரம். ஒரு குழந்தை பிறந்ததைப் பதியும் தாளில் எதற்கு மூன்று தலைமுறை?

விடை 1948இல் இருக்கிறது. சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டம், அந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனோ, தகப்பன் வழியில் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. யாழ்ப்பாணத்தாருக்கு அதில் சிரமம் இருக்கவில்லை. எங்கள் கொள்ளுப்பாட்டனாரின் பெயரும் ஆண்டும் அந்தக் கூண்டில் தெளிவாக நிரப்பப்பட்டிருக்கின்றன. ஆனால் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களால் அந்தக் கூண்டை நிரப்ப முடியவில்லை. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைப் படித்தவர்களுக்கு அவர்கள் எங்கிருந்து எப்படிப் போனார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பல லட்சம் பேர் அந்தச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள்.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பங்கிட்டது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அம்மா இசை படிக்கக் கப்பலேறியது அதே 1974இல். அவர் வந்த கப்பலில் தகரப் பெட்டிகளோடும் சட்டி பானைகளோடும் மலைநாட்டுக் குடும்பங்கள் தளத்தில் உட்கார்ந்திருந்ததை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் கையில் இலங்கைக் கடவுச்சீட்டு. அவர்கள் கையில் இந்தியக் கடவுச்சீட்டு. "அவையள் ஊருக்குத் திரும்பிப் போகினம் எண்டு நினைச்சன். ஒரு கிழவி அழுதுகொண்டே வந்தது. ஊருக்குப் போறவை ஏன் அழ வேணும் எண்டு எனக்கு விளங்கேல்லை. பத்தொன்பது வயசு" என்பார்.

அந்தக் காட்சியின் மறுபாதியை நாங்கள் சென்னையிலேயே பார்த்தோம். அம்மாவின் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும் வேலையாக நுங்கம்பாக்கத்தில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போயிருந்தபோது, வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒருவர் நின்றார். நாற்பது வயதிருக்கும். திருச்சிப் பக்கத்து முகாமிலிருந்து இரவுப் பேருந்தில் வந்திருந்தார். முகாமில் பிறந்த தம் மகளின் பிறப்பைப் பதியவே வந்ததாகச் சொன்னார். இந்த மண்ணில் பிறந்தும் அந்தக் குழந்தை இந்தியக் குடிமகள் ஆவதில்லை. இலங்கைத் தூதரகத்தில் பதியாவிட்டால் இலங்கைக் குடிமகளும் ஆவதில்லை.

அவர் அம்மாவிடம், "நீங்க எந்த முகாம்மா?" என்று கேட்டார். அம்மா தயங்கி, "நான் முகாம் இல்லைத் தம்பி, மயிலாப்பூர்" என்றார். அவர் தலையசைத்துவிட்டுப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையிட்ட ஒன்றை எடுத்துக் காட்டினார். மேலட்டையில் அசோகச் சின்னம். கண்டியில் இருக்கும் இந்திய உதவித் தூதரகம் 1970களில் அவருடைய தாத்தாவுக்கு வழங்கிய இந்தியக் கடவுச்சீட்டு. தோட்டத்திலிருந்து வரவேண்டிய சேமநிதிப் பணத்துக்காகக் காத்திருந்ததில் பயணம் தள்ளிப்போனது. அதற்குள் 1983 வந்தது, கப்பலும் நின்றது. குடும்பம் வவுனியாப் பக்கம் நகர்ந்து, 1990 போரில் படகேறி மண்டபத்தில் இறங்கியது. இறங்கியதும் இலங்கை அகதி என்று பதிந்துகொண்டார்கள். "தாத்தா இந்தியாக்காரரு. அப்பாவும் நாங்களும் சிலோன்காரங்க. எம் மகளுக்குத்தான் இனி என்னான்னு தெரியல" என்றார். இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபமே இல்லை. பலமுறை பலரிடம் சொல்லித் தேய்ந்த வாசகமாக இருந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா பேசவேயில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "அந்தத் தம்பியின்ர தாத்தாவும் நான் வந்த கப்பலிலை வந்திருக்க வேண்டிய ஆள்" என்று மட்டும் சொன்னார்.

2021 கணக்குப்படி தமிழ்நாட்டின் முகாம்களில் சுமார் 58,000 பேரும், முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவோடு சுமார் 34,000 பேரும் இருந்தார்கள். அந்த ஆண்டில் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, மலையகத் தமிழர் வழிவந்த 65 பேரின் மனுவில், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளோடு நின்றுகொண்டது. இலங்கை அதில் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசின் ஆணை ஒன்று, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டு, விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. அதனால் சிறைக்குப் போக வேண்டியதில்லை என்ற நிம்மதி கிடைத்தது. குடியுரிமை கிடைத்துவிடவில்லை.

*

எங்கள் பிரச்சினை இவற்றோடு ஒப்பிட மிகச் சிறியது. ஆனால் அதே சொல் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. 2003இல் நிறைவேறி 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், 'சட்டவிரோதக் குடியேறி' யார் என்று வரையறுக்கிறது. காகிதம் இல்லாமல் வந்தவர் மட்டுமல்ல, முறையாக வந்து அனுமதிக் காலம் கடந்தும் தங்கியவரும் அதில் அடங்குவார். அப்படிப்பட்டவர் பதிவு வழியிலும் குடியுரிமை பெற முடியாது, இயல்புரிமை வழியிலும் முடியாது. எனவே 1974 முதல் இன்றுவரை ஒரு கண்ணிகூட அறாமல் அனுமதி இருந்தது என்று காட்டிவிடுவது நல்லது என்றார் வழக்கறிஞர்.

டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துக் கூடத்தில் ஆண்டுவாரியாகப் பரப்பினோம். 1974 முதல் 1983 வரை இருந்தது. 1988 முதல் இன்றுவரை இருந்தது. நடுவில் நான்காண்டுகள் இல்லை.

அந்த ஆண்டுகளில் நீட்டிப்பு முத்திரையை முதல் கடவுச்சீட்டின் பக்கங்களிலேயே குத்தித் தந்தார்கள் என்பது அம்மாவின் நினைவு. அந்தக் கடவுச்சீட்டு எங்கே? 1987 ஜூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. சண்டை ஓய்ந்த அந்த ஆகஸ்டில் அம்மா புதிய கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு, நான்காண்டுகளாகப் பார்க்காத பெற்றோரைப் பார்க்கப் போனார். பழையதையும் கையோடு கொண்டுபோயிருந்தார். அதில் ஒட்டியிருந்த பத்தொன்பது வயதுப் படத்தைப் பார்த்த தாத்தா, "இதை நான் வைச்சிருக்கிறன் பிள்ளை" என்று கேட்டு வாங்கித் தம் இரும்புப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அக்டோபரில் மறுபடி போர். 1995 அக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்தபோது தாத்தா எடுத்துக்கொண்டது காணி உறுதிகளை மட்டும். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பெட்டியும் இல்லை.

ஆக, சட்டத்தின் முன் அம்மாவின் நான்காண்டுகள், மகளின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்ட ஒரு கிழவரின் பெட்டியோடு போய்விட்டன. எங்களில் இளையவர் பிறந்தது அந்த நான்காண்டுகளுக்குள், 1985இல். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பெற்றோர் யாராயினும் குடிமகன். அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தால், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. அதே குழந்தை, அதே மயிலாப்பூர், அதே தாய். இருபது ஆண்டு தள்ளிப் பிறந்திருந்தால், காணாமற்போன ஒரு முத்திரை அவனையும் கேள்விக்குறியாக்கியிருக்கும். அன்றிரவு எங்களில் இளையவர் சரியாகத் தூங்கவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம். அக்காலப் பதிவேடுகள் கைவசம் இல்லை என்று பதில் வந்தது. அந்த நான்காண்டுகளின் ரேஷன் அட்டை, பள்ளி ரசீது, மகப்பேறு மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்தோம். அவை அம்மா இங்கே இருந்தார் என்பதைக் காட்டின. இருக்க அனுமதி இருந்தது என்பதைக் காட்டவில்லை.

கண்டுபிடித்தவர் அப்பாதான். எங்களுக்குத் தெரியாமல் ஒரு மாதமாகப் பிற்பகல்களில் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து 1988 முதலான ஒவ்வொரு தாளையும் வரிவரியாகப் படித்திருக்கிறார். 1988 தாளின் பின்பக்கத்தில், மங்கிய நீல மையில், யாரோ ஒரு எழுத்தர் கையால் எழுதிய ஒரு வரி இருந்தது: இது இன்ன எண், இன்ன தேதியிட்ட நீட்டிப்பின் தொடர்ச்சியாக வழங்கப்படுகிறது, முந்தைய நீட்டிப்புகள் பழைய கடவுச்சீட்டில் பார்வையிடப்பட்டன. ஆங்கிலத்தில் இரண்டே வரி, சுருக்கொப்பம், முத்திரை. "முந்தைய பக்கத்து மொத்தம் கொண்டுவரப்பட்டதுன்னு பேரேட்டுல எழுதுவோமே, அதேதான்" என்றார் அப்பா. முப்பத்தெட்டு ஆண்டுகள் பேரேட்டோடு வாழ்ந்தவர் குரலில் அப்படி ஒரு திருப்தி. பெயர் தெரியாத அந்த எழுத்தர் அன்று அந்த இரண்டு வரியை எழுதாமல் விட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தம் வேலையை ஒழுங்காகச் செய்த ஒருவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

*

எல்லாம் சேர்ந்த பிறகு அம்மா தயங்கினார். இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இங்கே சான்றிதழ் வாங்க வேண்டுமானால் அங்கே துறக்க வேண்டும். "வீட்டுக்காகத்தானே? எனக்கென்னத்துக்கு வீடு? உங்கட பேரிலை எழுதட்டும்" என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் மறுபடி கப்பல் விட்டபோது, ஒருமுறை அதில் போய்வர வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. துறந்துவிட்டால் அங்கே இறங்கும்போது வெளிநாட்டார் வரிசை. ஐம்பது ஆண்டுகளாக இங்கே நின்ற அதே வரிசை, கரை மட்டும் மாறும்.

அவர் மனம் மாறியதற்கு நாங்கள் காரணமில்லை. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வாக்குச்சாவடி அலுவலராக வந்த பெண்மணி எங்கள் மாடியில் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார். அப்பாவுக்கு ஒன்று, எங்களுக்கு ஒவ்வொன்று. இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் தம் பெயரைத் தேடி அப்பா கைப்பேசியோடு போராடிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "உங்க பேரு விட்டுப்போயிருக்கேம்மா. இத்தனை வருஷமா சேக்கவே இல்லையா? புதுசா எழுதிக் குடுங்க, சேத்துடலாம்" என்றார் ஆதரவாக.

இப்படிக் கேட்டவர் இவர் முதல்வரல்லர். எங்கள் சிறுவயதில் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் யாராவது கேட்பார்கள். ரேஷன் அட்டையில் இருக்கிறதே, சேர்த்துவிடலாமே என்பார்கள். சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. அம்மா ஒவ்வொரு முறையும் மறுத்துவிடுவார். அன்றும், "இல்லை அம்மா, எனக்கு இன்னும் உரிமை இல்லை" என்றார். அந்தப் பெண்மணி போன பிறகு நெடுநேரம் அப்பாவின் படிவத்தைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களிடம், "இன்னும் எண்டு சொல்லிப்போட்டன். வாய் தவறி வந்ததோ தெரியாது. சரி, குடுங்கோ, கையெழுத்து வைக்கிறன்" என்றார்.

2025 டிசம்பரில் ராஜாஜி சாலையில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்தோம். அங்கே நடந்ததுதான் முதலில் சொன்ன திருநெல்வேலி உரையாடல். பிறகு விசாரணைக்கு வந்த காவலர், கீழ்வீட்டு மாமியிடமும் எதிர்க்கடைக்காரரிடமும் அம்மாவைப் பற்றிக் கேட்டார். "எவ்வளவு நாளாத் தெரியும்?" என்ற கேள்விக்குக் கடைக்காரர் யோசித்துவிட்டு, தம் தகப்பனார் காலத்திலிருந்தே தெரியும் என்றாராம். இப்போது காத்திருக்கிறோம். எத்தனை மாதம், எத்தனை ஆண்டு என்று யாரும் சொல்லவில்லை.

அந்த முகாம்காரரின் கைப்பேசி எண்ணை அம்மா வாங்கி வைத்திருந்தார். வழக்கறிஞரிடம் அவரைப் பேசவைத்தோம். தாத்தாவின் கடவுச்சீட்டைக் கொண்டு விண்ணப்பிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 1987 ஜூலைக்கு முன் முகாமில் பிறந்த ஒருவர் உயர்நீதிமன்றம் சென்று இந்தியக் கடவுச்சீட்டு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்த செய்தியை நாங்களும் படித்திருந்தோம். இவருடைய மகள் அந்தத் தேதிக்கு வெகுகாலம் பிந்திப் பிறந்தவள். எனவே எளிதல்ல.

விண்ணப்பம் கொடுத்த அன்று மாலை, பிரதிகளை அடுக்கிப் பெட்டியில் வைக்கும்போது அம்மா கேட்டார்: "கிடைச்சிட்டால் இந்தப் பாஸ்போட்டைத் திருப்பிக் குடுக்க வேணும் என்ன?"

ஆமாம் என்றோம்.

"பிறப்புப் பத்திரத்தைக் கேக்கமாட்டினம்தானே?"

அதை யாரும் கேட்கமாட்டார்கள் என்றோம். அம்மா அதை மட்டும் தனியாக எடுத்து, திருமண அழைப்பிதழ் இருந்த பாட்டு நோட்டுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.